உட்பகையும் ‘எதிர்ப்புச் சக்தி’யும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தமிழாசிரியை உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமப் பள்ளிகளில் முப்பதாண்டுக்கும் மேலாகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவை முடிந்து வீடு திரும்பியிருந்தவரைப் பார்க்க நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போனோம். போனவர்கள் எல்லோரும் படித்தவர்கள், எழுதுபவர்கள், சொற்களை எடைபோட்டுப் பயன்படுத்துவதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள். அங்கே நாங்கள் சொன்னது இதுதான்: “டீச்சர், நீங்கள் தைரியசாலி. எதிர்ப்புச் சக்தி மட்டும் இருந்துவிட்டால் இந்த நோயெல்லாம் ஒன்றுமே இல்லை. போராடி ஜெயித்துவிடுவீர்கள்.” ஒருவர் நெல்லிக்காய் லேகியம் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் யாரோ தெரிந்தவர் இடித்துக் கொடுத்த சூரணம்.

அறுவைக்குப் பின் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்த மருந்துச் சிகிச்சையை அவர் நான்கு மாதங்கள் தள்ளிப்போட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் உடம்பில் சக்தி ஏறட்டும் என்று லேகியமும் சூரணமுமாக இருந்திருக்கிறார். ஓராண்டுக்குள் நோய் மீண்டும் தலைகாட்டியது. இரண்டாம் முறை பார்க்கப் போனபோது, ஏதோ எங்களுக்குக் கடன்பட்டவர் போல, “எனக்குப் போதுமான சக்தி இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது தம்பி” என்றார்.

அந்த வாக்கியத்தின் பழி எங்களுடையது. நோயுற்ற ஒருவர், நோய்க்காகத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும்படியான ஒரு சொல்லை நாங்கள்தான் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அந்தச் சொல்லைப் பற்றியே இக்கட்டுரை.

நோயைப் பற்றிய உருவகங்கள் நோயாளியை எப்படி நசுக்குகின்றன என்பதை சூசன் சொன்டாக் 1978-லேயே எழுதிவிட்டார். தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்ட பின் எழுதிய ‘நோய் ஓர் உருவகமாக’ என்னும் அந்நூலில், நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. உருவகமே இல்லாமல் மனிதர்கள் பேசுவார்கள் என்று தோன்றவில்லை. நம் குறை வேறு. ‘எதிர்ப்புச் சக்தி’, ‘போராட்டம்’ என்ற நம் உருவகங்கள், உடலுக்குள் உண்மையில் நடப்பதோடு பொருந்தவே இல்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் புற்றுநோய் அணுக்களைக் கொல்லத் தயாராவது எப்படி என்று கடந்த ஐம்பது ஆண்டுகளில் கண்டறியப்பட்டவற்றைப் படித்தால், அது பலத்தின் கதையாக இல்லை. அடையாளம் காண்பதன் கதையாகவும், காண்பதை உறுதிசெய்து இசைவு தருவதன் கதையாகவும் இருக்கிறது.

நம் மாவட்டத்துத் திருமயம் கோட்டையைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. மலையைச் சுற்றி மதில், உச்சியில் பீரங்கி. நோயெதிர்ப்பு என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் ஏறத்தாழ அதுதான். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அச்சித்திரம் ஓரளவு பொருந்தும். அங்கே பகை வெளியிலிருந்து வருகிறது. புற்றுநோயில் வெளியார் யாருமில்லை. நம் சொந்த உயிரணு ஒன்று, தன் மரபணுவில் ஏற்பட்ட சில பிழைகளால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பெருகுகிறது. அதன் முகம் நம் முகம். அது பேசும் மொழி நம் மொழி. வள்ளுவர் பகையைப் பற்றிப் பல அதிகாரங்கள் வைத்தும் நிறைவடையாமல் ‘உட்பகை’க்கென 89-ஆம் அதிகாரத்தைத் தனியே ஒதுக்கினார் அல்லவா? மதிலை உயர்த்துவதால் உட்பகைக்குப் பயனில்லை. அங்கே முதற்கேள்வி, யார் பகை என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை காண்பது உடலுக்கு மிகக் கடினம்; காரணம், உடல் அதைக் கடினமாக்கி வைத்திருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. டி உயிரணுக்கள் பயிற்சி பெறுவது அங்கே. ஒவ்வொரு டி உயிரணுவும் தனக்கேயான ஓர் ஏற்பியைத் தாங்கியிருக்கிறது. அது எதைப் பற்றும் என்பது பெரிதும் தற்செயலால் தீர்மானமாகிறது. அவ்வாறு உருவானவற்றில், உடலின் சொந்தப் பொருள்களை வலுவாகப் பற்றுபவை தைமஸிலேயே அழிக்கப்படுகின்றன. சொந்த உடலைத் தாக்காதிருக்க வேண்டி உடல் செய்துகொண்ட முன்னேற்பாடு இது. அந்த ஏற்பாடு பழுதாகும்போது தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதமும், தன் கணையத்தையே தாக்கும் முதல்வகைச் சர்க்கரை நோயும் வருகின்றன. ‘சக்தி’ கூடுவது மட்டுமே நன்மை என்றால், இந்நோயாளிகளை நாம் வாழ்த்தவேண்டியிருக்கும்.

அப்படியானால் புற்றணு எப்படித்தான் அகப்படுகிறது? ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும், தமக்குள் உற்பத்தியாகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள துணுக்குகள். அவற்றை ஏந்தும் தட்டு போன்ற மூலக்கூறுகளுக்கு எம்.ஹெச்.சி. என்று பெயர். டி உயிரணு பொருளைத் தனியாகப் பார்ப்பதில்லை, தன் உடலுக்குரிய தட்டில் வைத்துக் காட்டினால்தான் பார்க்கும் என்பதை ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் 1974-ல் கண்டறிந்தார்கள். 1996-ல் நோபல் பரிசு பெற்றார்கள். புற்றணுவின் மரபணுப் பிழையால் பிறந்த திரிந்த புரதமும் துணுக்காகித் தட்டில் வந்து அமர்கிறது. பத்து எழுத்துள்ள சொல்லில் ஓரெழுத்து மாறியிருப்பது போன்றது இது. நம் டீச்சர் ஒற்றுப் பிழையைக் கண்டுபிடிப்பதைப் போல அதைக் கண்டுபிடிக்க ஓர் உயிரணு வேண்டும்.

கண்டுபிடிக்கும் டி உயிரணு, லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அதுவும் கட்டியருகே காத்திருப்பதில்லை; நிணநீர்க் கணுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த நெறிகட்டும் இடங்கள்தாம் நிணநீர்க் கணுக்கள். கட்டியிலிருந்து அங்கே செய்தி கொண்டுபோகும் வேலையைச் செய்பவை, கிளைகள் விரிந்த தோற்றமுடைய டென்ட்ரிடிக் உயிரணுக்கள். இறந்த புற்றணுக்களின் சிதைவை விழுங்கி, துணுக்குகளாக்கி, தட்டில் ஏந்திக்கொண்டு கணுவுக்குப் பயணப்படுகின்றன. அங்கே வந்துபோகும் டி உயிரணுக்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டுகின்றன. பொருந்தும் ஏற்பியுடைய டி உயிரணு வரும்போது பற்றிக்கொள்கிறது. இது முதற்குறிப்பு.

முதற்குறிப்பு மட்டும் போதாது என்பதே இக்கதையின் உயிர்நாடி. டென்ட்ரிடிக் உயிரணு தன் மேற்பரப்பில் பி7 என்னும் மூலக்கூறையும் ஏந்தியிருக்க வேண்டும். அது டி உயிரணுவின் சிடி28 என்னும் ஏற்பியைத் தொட வேண்டும். இது இரண்டாம் குறிப்பு. ஆபத்து உண்டு என்பதற்கான அறிகுறிகளைக் கண்டிருந்தால்தான் டென்ட்ரிடிக் உயிரணு அதை ஏந்தும். இரண்டாம் குறிப்பின்றி முதற்குறிப்பு மட்டும் கிடைத்தால், டி உயிரணு செயலற்றுப் போகிறது. பின்னர் அதே பொருளைக் கண்டாலும் கிளர்வதில்லை. மூன்றாவதாக, இன்டர்லூகின்-12 போன்ற வேதிச் செய்திகள் அது எவ்வகைப் படையாளாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவற்றுக்கும் மேலாக, உதவி டி உயிரணுக்கள் என்ற வேறொரு வகை வந்து டென்ட்ரிடிக் உயிரணுவுக்கே உரிமம் வழங்குவதும் உண்டு. ‘தெரிந்து தெளிதல்’ என்று குறளில் வரும் அதிகாரத் தலைப்பு, இந்த நடைமுறைக்கு எந்தப் பாடநூல் சொல்லையும்விட நன்றாகப் பொருந்துகிறது.

தெளிந்த பிறகு தாமதமில்லை. அந்த ஒற்றை டி உயிரணு நாளுக்கு இரண்டு மூன்று முறை பிரிந்து, ஒரு வாரத்தில் ஆயிரங்களாகப் பெருகுகிறது. இரத்தத்தில் ஏறிக் கட்டியை அடைகிறது. அங்கே தனக்குக் காட்டப்பட்ட அதே துணுக்கை ஏந்திய புற்றணுவோடு ஒட்டிக்கொள்கிறது. தன்னுள் இருக்கும் நச்சுப் பொதிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கமாக மட்டும் திருப்பி அவிழ்க்கிறது. பெர்ஃபோரின் என்ற புரதம் புற்றணுவின் சவ்வில் துளையிட, கிரான்சைம் என்ற நொதி உள்ளே நுழைந்து, அவ்வணு தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும்படி செய்கிறது. ஒட்டியிருக்கும் நல்ல அணுவுக்குக் கீறல் விழுவதில்லை. பிறகு டி உயிரணு விடுபட்டு அடுத்த புற்றணுவைத் தேடிப் போகிறது. பீரங்கிப் போருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இன்னொரு வகையும் உண்டு. இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று 1975-ல் பெயர் பெற்றவை. சில புற்றணுக்கள் அகப்படாமலிருக்க எம்.ஹெச்.சி. தட்டையே கீழிறக்கிவிடுகின்றன. டி உயிரணுவின் கண்ணுக்கு அவை மறைந்துபோகும். இயற்கைக் கொல்லி அணுவோ, தட்டு இல்லாததையே ஐயத்துக்குரியதாகக் கொள்கிறது. இருக்கவேண்டிய அடையாளம் இல்லாதபோது அதைத் தடுத்துக்கொண்டிருந்த கை விலகுகிறது. புற்றணுவின் மேல் அழுத்தக் குறிகளும் தென்பட்டால் கொன்றுவிடுகிறது. ‘தன்னடையாளம் இன்மை’ என்னும் இக்கருத்தை ஸ்வீடனின் கிளாஸ் கார்ரே 1980-களில் முன்வைத்தார். இங்கும் வினா பலம் பற்றியதாக இல்லை. வாசிப்பு பற்றியதாகவே இருக்கிறது.

அப்படியிருக்க, புற்றுநோய் ஏன் வெல்கிறது? நோயாளியின் சக்தி குறைவதால்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், கட்டிக்குள் டி உயிரணுக்கள் நிறைந்திருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பல நோயாளிகளிடம் காணப்படுகிறது. கிளர்ந்த டி உயிரணு எல்லை மீறாதிருக்க அதன்மேல் தடைகள் முளைக்கின்றன. சிடிஎல்ஏ-4 ஒன்று, பிடி-1 மற்றொன்று. கட்டி இந்தத் தடைகளைத் தனக்குச் சாதகமாக அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சிடிஎல்ஏ-4-ஐ மறித்தால் எலிகளில் கட்டி கரைவதை ஜேம்ஸ் ஆலிசன் 1996-ல் காட்டினார். பிடி-1-ஐ தசுகு ஹொன்ஜோவின் குழு 1992-ல் கண்டுபிடித்தது. இவ்வழியில் வந்த முதல் மருந்து 2011-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு. இம்மருந்துகள் எவருக்கும் சக்தியைப் புதிதாக ஊட்டவில்லை. இருக்கும் உயிரணுவின் கட்டை அவிழ்த்துவிட்டன. அவிழ்த்துவிடுவதற்கும் விலை உண்டு. சிலருக்குக் குடலும், தைராய்டும், நுரையீரலும் தம் உயிரணுக்களாலேயே தாக்கப்பட்டன. பலருக்கு மருந்து பலிக்கவே இல்லை. தெரிந்துகொண்ட டி உயிரணுவே இல்லாத கட்டியில் எந்தத் தடையை நீக்கி என்ன பயன்?

இதில் நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள், முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு பிடி-1 தடைநீக்கியான நிவோலுமாப் மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, குறைந்த செலவு மாத்திரைகளோடு இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தோர் 43.4 விழுக்காடு, மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காடு. புகையிலையும் வெற்றிலைப்பாக்கும் வாயை அரிக்கும் நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று. கூடுதலாகக் கொடுத்தால்தான் கூடுதல் பலன் என்ற எண்ணத்தையும் இது சற்று அசைக்கிறது.

சரியான இடம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் சென்னையோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு. கிண்டியில் பிசிஜி தடுப்பூசி ஆய்வகம் 1948-ல் தொடங்கப்பட்டது. காசநோய்க்கென நாடெங்கும் பிசிஜி போடப்பட்ட 1950-களில், உயிருள்ள கிருமியைக் குழந்தைகள் உடம்பில் செலுத்துவதா என்று ராஜாஜி கடுமையாக எதிர்த்து எழுதினார். பின்னர் 1968-ல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்றே காட்டியது. அதனால் பிசிஜி பயனற்றது என்றாகிவிடவில்லை; குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களை அது தடுக்கிறது. அதே கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் நேரே செலுத்தினால், அங்கே மேலோட்டமாக இருக்கும் புற்றுநோய் மீள வருவது குறைகிறது என்று கனடாவின் ஆல்வரோ மொராலிஸ் 1976-ல் எழுதினார். இன்றும் உலகெங்கும் அது வழக்கமான சிகிச்சை. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் கிருமி ஒட்டிக்கொள்ள, அதை நோக்கி நோயெதிர்ப்பு உயிரணுக்கள் திரள்கின்றன. திரண்ட இடத்தில் புற்றணுக்களும் அகப்படுகின்றன. அதே பிசிஜியைத் தோளில் போட்டுக்கொண்டு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கரையும் என்று காத்திருக்க முடியாது. ஆபத்தின் அறிகுறி கட்டியிருக்கும் இடத்திலேயே எழ வேண்டும். உடம்பு முழுவதற்கும் பொதுவாகச் சக்தி ஊட்டுவதாகச் சொல்லும் எந்தப் பொடிக்கும் இந்த முகவரி தெரியாது.

இதையெல்லாம் புதுக்கோட்டைக்காரர்களாகிய நாம் சொல்வதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 1886-ல் இவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அவ்விழப்பை எதிர்கொண்ட முறையை நாம் கவனிக்க வேண்டும். தங்கை வீரமாகப் போராடினாள் என்று எழுதி அவர் ஆறுதல் தேடவில்லை. இந்த நோய்க்கென ஒரு மருத்துவமனை இல்லையே என்று கேட்டார். மூன்று பத்தாண்டுகள் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் மறையும் வரை அங்கேயே இருந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

அந்த நிலையத்தில்தான், கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய சில பெண்களிடம் டென்ட்ரிடிக் உயிரணுத் தடுப்பு மருந்து சோதிக்கப்பட்டது. நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் அவற்றை டென்ட்ரிடிக் உயிரணுக்களாக வளர்த்து, அவரது கட்டியின் சாற்றையே அவற்றுக்கு ஊட்டி, மீண்டும் அவர் உடலில் செலுத்தும் முறை. மேலே சொன்ன செய்தி கொண்டுபோகும் வேலையைக் கைகளால் செய்துகொடுப்பது என்று கொள்ளலாம். செய்ய முடியுமா, தீங்கில்லாததா என்று பார்த்த தொடக்கநிலைச் சிற்றாய்வு அது. முடிவுகள் 2014-ல் வெளியாயின. குணமாக்கிவிட்டார்கள் என்று நாம் முழங்கக்கூடாது. டென்ட்ரிடிக் உயிரணுக்களை 1973-ல் அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மன், தமக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது இதே வகைச் சிகிச்சையைத் தம் உடலில் செய்து பார்த்தார்; 2011-ல் நோபல் அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்பு இறந்துபோனார். அறிந்தவர்க்கும் அறிவு எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை. ஆனாலும் தங்கையை இழந்த ஒரு புதுக்கோட்டைப் பெண்ணின் கேள்வி, பல பத்தாண்டுகளுக்குப் பின் ஓர் உயிரணுவுக்கு இன்னோர் உயிரணுவை அறிமுகப்படுத்தும் இடம்வரை வந்திருக்கிறது என்பது நமக்கு எளிய செய்தியாகத் தோன்றவில்லை.

இவ்வழியின் இன்றைய எல்லை, சிஏஆர்-டி என்னும் சிகிச்சை. நோயாளியின் டி உயிரணுவை வெளியே எடுத்து, புற்றணுவின் மேலிருக்கும் ஓர் அடையாளத்தை நேரே பற்றும் செயற்கை ஏற்பியை அதன் மரபணுவில் பொருத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். தொடக்க காலத்தில் செய்த ஏற்பிகள் முதற்குறிப்பை மட்டுமே தந்தன, பெரும்பாலும் தோற்றன. இரண்டாம் குறிப்பையும் அதே ஏற்பிக்குள் இணைத்த பிறகே அவை நின்று வேலை செய்தன. இயற்கை வகுத்த ‘தெரிந்து தெளிதல்’ விதியை மனிதக் கையும் மீற முடியவில்லை. அமெரிக்காவில் 2017-ல் ஒப்புதல் பெற்ற முதல் சிஏஆர்-டி மருந்தின் விலை அப்போது 4,75,000 டாலராக இருந்தது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, இந்தியாவில் 2023-ல் ஒப்புதல் பெற்று 2024 ஏப்ரலில் அறிமுகமானது. சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கானது. 2025-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு நோய் இணங்கியது. அறிமுகமானபோது சொல்லப்பட்ட விலை முப்பது, நாற்பது லட்சம் ரூபாய் அளவில். அமெரிக்க விலையில் பத்தில் ஒன்று என்று மகிழலாம். கந்தர்வகோட்டையிலோ கறம்பக்குடியிலோ ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இரண்டு விலையும் ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘சக்தி’யைப் பற்றிப் பேசியே பழகிய சமூகம், இந்த விலையைப் பற்றிக் கேட்பதில்லை. நோய் தீராததற்குக் காரணம் நோயாளியின் உடம்புக்குள் இருக்கிறதென்று நம்பிவிட்டால், மருந்து எட்டாத உயரத்தில் இருப்பது யார் கண்ணிலும் படாது.

எங்கள் வட்டத்திலேயே இதற்கு மறுப்பு எழுந்தது. போராட்டம் என்ற சொல் பலருக்குத் தெம்பு தந்திருக்கிறது; அதைப் பறிப்பானேன் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நோயாளி தாமே தம்மைப் போராளி என்று சொல்லிக்கொண்டால் அச்சொல் அவருடையது. அதில் நமக்கு வேலை இல்லை. நாம் அதை அவர்மேல் சுமத்தும்போதுதான் கேடு. வென்றவரை வீரர் என்றால், இறந்தவரை என்னவென்று சொல்வது? 1982-ல் வந்த ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்ற இரு படங்களிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அது காதலுக்கும் கண்ணீருக்கும் ஏற்ற விதியாக வந்து போனது. அன்று விதி என்றோம், இன்று சக்தி என்கிறோம். 2020-ன் கொரோனா காலத்துக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி என்ற சொல் தேநீர்க் கடைப் பலகைக்கும் வந்துவிட்டது. விதியாவது நோயாளியைக் குற்றம் சொல்லவில்லை.

நல்ல உணவும் உறக்கமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிகிச்சையைத் தாங்க உடம்பு தேறியிருக்க வேண்டும். மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள். மஞ்சள் காமாலை-பி, ஹெச்பிவி தடுப்பூசிகள் கல்லீரல், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணமான வைரஸ்களை முன்கூட்டியே அடையாளம் காட்டி வைக்கின்றன. புற்றுநோய் விஷயத்தில் ‘எதிர்ப்பைக் கூட்டுதல்’ என்று நேர்மையாகச் சொல்லத்தக்கது அதுதான். மற்றபடி, லேகியம் சாப்பிடுவதில் தவறில்லை. லேகியத்துக்காகச் சிகிச்சை காத்திருப்பதில்தான் தவறு.

எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியம். புற்றுநோயைப் பற்றி எழுதும்போது போர்க்களச் சொற்களைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துப் பாருங்கள். அடையாளம், சான்று, இசைவு, தடை, விடுவிப்பு என்று நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. அவை உண்மைக்கும் அருகில் இருக்கின்றன. ஒரு டி உயிரணு தன் துணுக்கைச் சந்திக்காமல் போவது யாருடைய கோழைத்தனமும் இல்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் டீச்சரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். இப்போது அவர் விட்ட சிகிச்சையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். முழுவதும் கேட்டுவிட்டு, தாளை வாங்கி இரண்டு இடங்களில் ஒற்று மிகாமல் விட்டிருந்ததைத் திருத்தினார். நாங்கள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையமர்த்தினார். “அடுத்த தடவை வரும்போது லேகியம் எதுவும் வேண்டாம் தம்பி. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், துணைக்கு ஒருத்தர் வாருங்கள்” என்றார்.